ஊர்கூடி வேயும் கூரை

ஜப்பானின் ஷிராகவா-கோ பகுதியில், மலைகளுக்கு நடுவே அமைந்துள்ள சிற்றூர் ஒகிமாச்சி. குளிர்காலத்தில் அங்குப் பனி ஆள் உயரத்திற்குக் குவியும். பனி வழுக்கி விழுவதற்காக, வீட்டுக் கூரைகள் ஏறத்தாழ 60 பாகைச் சரிவில் அமைக்கப்பட்டுள்ளன. கும்பிடும் கைகளைப் போன்ற தோற்றம் கொண்டதால், இவை ‘காஷோ’ பாணி வீடுகள் எனப்படுகின்றன.

கூரையைத் தாங்கும் மரங்களில் ஆணி அடிப்பதில்லை. கயிற்றாலும் முறுக்கிய இளங்கொம்புகளாலும் அவற்றைப் பிணைக்கின்றனர். அதனால், பனியின் பாரம் அழுத்தும்போது கூரை சற்று நெகிழ்ந்து கொடுக்கும், எளிதில் முறியாது. முன்பு, வீட்டினுள் மூட்டிய நெருப்பின் புகை மேலெழுந்து, புல்லைப் பூச்சி அரிக்காமல் காத்தது.

ஆயினும், 30 அல்லது 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரையைப் புதிதாக வேய வேண்டும். பழைய புல்லைப் பிரித்ததும் வீடு திறந்து கிடக்கும். மழை பெய்தால் எல்லாம் நனைந்துவிடும். எனவே, கூரையின் ஒரு பக்கத்தை ஒரே நாளில் வேய்ந்து முடிப்பது வழக்கம். இது ஒரு குடும்பத்தால் ஆகக்கூடிய காரியமா? நூறு, இருநூறு பேர் திரண்டால்தான் முடியும்.

இக்கூட்டுழைப்பை ‘யுய்’ என்பர். இதற்குக் கூலி இல்லை. இன்று அயலாருக்குக் கொடுத்த உழைப்பு, நாளை தம் வீட்டிற்குத் திரும்பி வரும். சிலர் புற்கட்டுகளைக் கைமாற்றி மேலே அனுப்புவர். சிலர் இறவாரத்திலிருந்து முகடு நோக்கி அடுக்குவர். வெளியே நிற்பவர் கயிறு கோத்த நீண்ட ஊசியைப் புல்லுக்குள் செலுத்துவார். உள்ளே இருப்பவர் அக்கயிற்றை மரத்தில் சுற்றித் திருப்பி அனுப்புவார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. குரலை நம்பியே வேலை நடக்கும்.

காலப்போக்கில் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். பல வீடுகள் அழிந்தன. எஞ்சியவற்றையேனும் காக்க எண்ணிய ஊர்மக்கள், வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று 1971இல் உறுதி பூண்டனர். 1995இல் யுனெஸ்கோ இவ்வூரை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது.

இன்று பல கூரைகளைத் தொழில்முறைப் பணியாளர்களே வேய்கின்றனர். எனினும், ‘யுய்’ முறை முற்றிலும் மறையவில்லை. கூரை வேயும் நாளில்தான் மூத்தோரின் கைத்திறனை இளையோர் அருகிலிருந்து கற்கின்றனர். ஒரு தலைமுறை அந்த வாய்ப்பைத் தவறவிட்டால், அடுத்த தலைமுறைக்குக் கற்றுத்தர ஆள் இருக்காது. புல்லை மீண்டும் வளர்க்கலாம்; விட்டுப்போன பழக்கத்தை மீட்பது அவ்வளவு எளிதன்று.