வாசிக்கத் தடுமாறும் முதலாளியும் கடைக் கணக்கும்

"மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன், நீங்களே வாசித்துச் சொல்லுங்கள்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லும் முதலாளிமாரை எமது கடைத்தெருக்களில் காணலாம். துணியைத் தொட்டே தரத்தைச் சொல்வார்கள். பேரம் பேசுவதில் அவர்களை வெல்ல முடியாது. ஆனால் வங்கியிலிருந்து வரும் கடிதம் நாட்கணக்கில் லாச்சியில் கிடக்கும். இவர்களில் சிலருக்கு இருப்பது டிஸ்லெக்ஸியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு.

எழுத்தையும் அதன் ஒலியையும் மூளை இணைத்துக்கொள்ளும் விதத்தில் உள்ள வேறுபாடே இதற்குக் காரணம். புத்திக்கும் இதற்கும் தொடர்பில்லை. வயது போனாலும் மறைவதில்லை. முன்பு பாடசாலையில் இதற்குக் கிடைத்த ஒரே வைத்தியம் பிரம்படி. "எனக்குப் படிப்பு ஏறாது" என்று நம்பியே பலர் கடைக்கு வந்து சேர்ந்தார்கள்.

நட்டம் வருவது, குறைபாட்டை விட, அதை மறைப்பதனால்தான். வாசிக்காமலே கையொப்பமிட்ட பிணைப் பத்திரம், கணக்குப்பிள்ளை நீட்டும் காசோலை, திகதி கடந்துபோன வரி அறிவித்தல் என்று அது பல வழிகளில் வரும்.

இலக்கங்களை இடம்மாற்றி எழுதுவதும் இவர்களிடம் காணப்படுவதுண்டு. 57,450 ரூபா 54,750 ஆகிவிடும். இதற்குப் பழைய கணக்காளர்களின் உபாயம் ஒன்று இருக்கிறது. கணக்கில் இடிக்கும் தொகையை 9ஆல் வகுத்துப் பாருங்கள். இங்கு வித்தியாசம் 2,700, மீதியின்றி வகுபடுகிறது. அப்படியானால் முதலில் தேட வேண்டியது இடம்மாறிய இலக்கத்தை. காசாளரைச் சந்தேகிப்பது பிறகு.

ஐக்கியா தளபாட நிறுவனத்தை 1943இல் ஆரம்பித்த சுவீடன் நாட்டவர் இங்வார் கம்ப்ராட்டுக்கும் இக்குறைபாடு இருந்தது. பொருட்களின் குறியீட்டு இலக்கங்கள் நினைவில் நிற்காததால் அவற்றுக்கு ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் சூட்டினார். கடையைத் தனக்கு ஏற்றவாறு அமைத்துக்கொண்டார், அவ்வளவுதான். நாமும் ஓடர்களைக் குரல் பதிவாக வாங்கலாம். ஆங்கிலக் கடிதத்தைப் படம் பிடித்தால் இன்றைய கைத்தொலைபேசி வாசித்தே காட்டும். பத்திரங்களை மட்டும், கணக்கு எழுதுபவர் அல்லாத இன்னொருவர், மனைவியோ மகளோ, வாசித்துச் சொல்லட்டும்.

இதில் வெட்கப்பட எதுவுமில்லை. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆவது வசனம் கடனை எழுதிக்கொள்ளப் பணிக்கிறது. கடன் பெறுபவரால் வாசகத்தைச் சொல்ல இயலாவிட்டால் அவரது பொறுப்பாளர் நீதியாகச் சொல்லவும் அங்கேயே வழி சொல்லப்பட்டிருக்கிறது.

இன்னொன்று, இது பரம்பரையாகவும் வரக்கூடியது. அமெரிக்காவின் பிரபல பங்குத் தரகர் சார்ள்ஸ் ஷ்வாப் தனக்கு இது இருப்பதை நாற்பது வயதுக்குப் பின்னரே அறிந்தார். அதுவும் மகனைப் பரிசோதித்தபோது. உங்கள் மகன் மூன்றாம் ஆண்டிலும் எழுத்துக் கூட்டத் தடுமாறினால், "இவன் கடைக்குத்தான் சரி" என்று முடிவெடுக்க முன்னர் வகுப்பாசிரியரையும் சிறுவர் நல வைத்தியரையும் ஒருமுறை சந்தியுங்கள்.