சேஸி இலக்கமும் வராத கடிதமும்

போன மாதம் கடைக்கு வந்த ஒரு வாலிபர், பாவித்த விட்ஸ் ஒன்றுக்கு விலை பேசி வைத்திருப்பதாகச் சொன்னார். கூடவே ஒரு சந்தேகமும் கேட்டார். "நானா, டொயோட்டாக்காரன் லட்சக்கணக்கான வாகனத்தைத் திருப்பிக் கூப்பிட்டானாமே! ரீகோலே வராத மலிவுக் கார் ஒன்றை எடுத்தா நல்லமில்லையா?"

பஞ்சிகாவத்தையில் இருபத்தைந்து வருடமாக உதிரிப்பாகம் விற்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆனால் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும் நேரத்துக்குள் அதற்குப் பதில் சொல்லி முடிக்கவும் இயலவில்லை.

ரீகோல் என்பது, விற்ற வாகனத்தில் ஆபத்தான குறை இருப்பதைக் கம்பனி ஒப்புக்கொண்டு, உரிமையாளரை அழைத்து இலவசமாகத் திருத்திக் கொடுப்பதாகும். அமெரிக்காவில் 1966இலும் ஜப்பானில் 1969இலும் இதற்கான ஏற்பாடுகள் வந்தன. ஆகவே ஒரு கம்பனிக்கு நிறைய ரீகோல் வந்திருந்தால், அதனை யாரோ கண்காணிக்கிறார்கள் என்றும் அர்த்தம். ரீகோல் வராத காரில் குறையே இல்லையென்று சொல்ல முடியாது. தேடிப் பார்க்க ஆளில்லாமலும் இருந்திருக்கலாம்.

2014இல் குளோபல் என்கெப் அமைப்பு, இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. மாருதி ஓல்டோ 800, டாட்டா நானோ உட்பட ஐந்துக்கும் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. சோதித்த கார்கள் ஒன்றிலும் எயார்பேக் இருக்கவில்லை. இல்லாத எயார்பேக்குக்கு ரீகோல் எங்கிருந்து வரும்?

ஜப்பான் கார் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. நமது நாட்டில் மீரா காரால் பெயர் பெற்ற டைஹட்சு, பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்தது 2023இல் அம்பலமானது. மோதலை உணர்ந்து தானாக விரியவேண்டிய எயார்பேக்கை, சோதனையின்போது டைமர் வைத்து விரியச் செய்திருக்கிறார்கள். 64 மொடல்கள் இதில் சம்பந்தப்பட்டிருந்தன. அந்த டிசம்பரில் எல்லா மொடல்களின் விநியோகத்தையும் கம்பனி நிறுத்தியது. மறுபடி பரிசோதித்த பிறகே ஒவ்வொன்றாக அனுமதி கிடைத்தது.

இனி அந்த வாலிபர் சொன்ன விஷயத்துக்கு வருவோம். அது டகாட்டா எயார்பேக் விவகாரம். மோதலின்போது எயார்பேக்கை ஊத வைக்க ஓர் உலோகக் குடுவைக்குள் மருந்து வைத்திருப்பார்கள். டகாட்டா பாவித்தது அமோனியம் நைத்திரேற்று. அது மலிவானது, ஆனால் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் ஈடுகொடுக்காது. வருடக்கணக்கில் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறிப்பட, மருந்து பழுதடைந்து, தேவைக்கு மேலான வேகத்தில் எரிகிறது. அப்போது குடுவையே வெடித்து, இரும்புத் துண்டுகள் ஓட்டுபவரின் கழுத்திலும் முகத்திலும் பாய்கின்றன. 2014இல் மலேசியாவின் சரவாக்கில், 2003ஆம் ஆண்டு ஹொண்டா சிட்டி ஓட்டிய ஒரு கர்ப்பிணிப் பெண் இப்படித்தான் இறந்தார். அது பெரிய வேகத்தில் நடந்த மோதல்கூட அல்ல. மலேசியாவின் வெப்பமும் ஈரமும்தானே கொழும்பிலும்!

அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடி 70 லட்சம் குடுவைகள் ரீகோலுக்குள் வந்தன. 2015இல் டொயோட்டா அழைத்த வாகனங்களில் கொரோல்லாவும் விட்ஸும் இருந்தன. டகாட்டா 2017இல் வங்குரோத்தானது.

கடிதம் வராதது ஏன் என்று இப்போது விளங்கும். ஜப்பானில் ரீகோல் கடிதம் போவது அங்கே பதிந்த உரிமையாளரின் விலாசத்துக்கு. வாகனம் கப்பலேறும்போது அந்தப் பதிவு ரத்தாகிவிடும். மாத்தறையிலோ மருதமுனையிலோ அதை ஓட்டுபவரின் விலாசம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? திருத்தாத டகாட்டா வாகனங்களுக்கு ஜப்பானில் 2018 முதல் பரிசோதனைச் சான்றிதழ் மறுக்கப்படுகிறது. இங்கே வருடாந்த வரிப்பத்திரம் எடுக்கப் போனால் புகைச் சான்றிதழும் காப்புறுதியும்தான் கேட்கிறார்கள். போதாக்குறைக்கு, 2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதி 2025இல்தான் திரும்ப ஆரம்பித்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்கள் இன்னும் பழசாகி, கை மாறிக்கொண்டே இருந்தன.

அந்த வாலிபரிடம் விட்ஸை விட்டுவிடச் சொல்லவில்லை. சேஸி இலக்கத்தை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். ஜப்பானிய வாகனத்தில் இது அமெரிக்கக் கார்களைப் போல 17 எழுத்துக்களாக இராது. கேஎஸ்பி90 என்பதுபோல மொடல் பெயரோடு தொடங்கும். ஆகவே அமெரிக்க இணையத்தளத்தில் தேடிப் பயனில்லை. ஜப்பான் கம்பனியின் சொந்தத் தளத்தில் தேடவேண்டும். மொழி தெரியாவிட்டால் இங்குள்ள ஏஜென்டிடம் இலக்கத்தைக் கொடுத்து எழுத்தில் பதில் கேட்கலாம். இன்னொன்றையும் சொல்லி அனுப்பினேன். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் எயார்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணையவேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதில் கைவைத்திருக்கிறார்கள்.

மறுநாளே இலக்கத்தோடு வந்தார். தேடிப் பார்த்தோம். டகாட்டா ரீகோலில் அந்தக் கார் இருந்தது, திருத்தியதாகப் பதிவில்லை. காருக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன் ஏஜென்டிடம் போயிருக்கிறார்.

அவர் போன பிறகு எனக்குத்தான் மனம் சரியில்லை. டகாட்டா என்ற பெயரே கேள்விப்படாத காலத்தில், வெட்டிய வாகனங்களில் கழற்றிய ஸ்டியரிங்குகளை எயார்பேக்கோடு நானும் விற்றிருக்கிறேன். எந்த வருட வாகனத்தில் இருந்தது, எந்தக் காருக்குப் போனது என்று பார்க்கவில்லை. பழைய பில் புத்தகங்களை இறக்கி ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கப் புரட்டினேன். தெரிந்த மூன்று பேருக்கு அழைத்துச் சொல்லிவிட்டேன். மற்றப் பில்களில் பெயர் எழுதும் இடத்தில் "காசு" என்று மட்டும் இருக்கிறது, என்னுடைய கையெழுத்தில்.