ஆட்டக்காரர் அதிகாரியான கதை

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமீது ஏறும் பாதை, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் ஏற்காட்டை அடைகிறது. கோடைக்கு அங்கே செல்லும் குடும்பத்தினர் ஏரியில் படகு விட்டு, காப்பித் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துத் திரும்புவார்கள். 1917ல் அங்கே ஸ்தாபிக்கப்பட்ட மான்ட்போர்ட் பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவர், பிற்காலத்தில் இந்தியக் கிரிக்கெட் போர்டின் தலைவரானார் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் ரோஜர் பின்னி.

1955ல் பெங்களூரில் பிறந்த பின்னி, பள்ளிப் பிராயத்தில் ஈட்டி எறிவதிலும் வல்லவராய் விளங்கினார். 1979ல் பாகிஸ்தானை எதிர்த்துத் தம் ஊரிலேயே முதல் டெஸ்ட் பந்தயம் ஆடினார். 1983ல் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 18. அப்போட்டியில் வேறெவரும் அத்தனை வீழ்த்தவில்லை.

நிற்க. ஆட்டக்காரரின் ஆயுள் குறுகியது. பிறர் உத்தியோகத்தில் உயரத் தொடங்கும் வயதில் அவர் மைதானத்தை விட்டு வெளியேற வேண்டியிருக்கிறது. அதன்பின் என்ன செய்வது? பின்னி இளைஞர்களைப் பயிற்றுவிக்கச் சென்றார். 2000ல் இலங்கையில் நடந்த பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை, அவர் பயிற்சியளித்த இந்திய அணி வென்றது. முகமது கைஃபும் யுவராஜ் சிங்கும் அந்த அணியில் ஆடியவர்களே.

2012ல் தேசிய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அவர் அங்கத்தினரானார். அங்கேதான் சோதனை காத்திருந்தது. அவருடைய புதல்வர் ஸ்டூவர்ட் பின்னியும் கிரிக்கெட் வீரர். மகனுடைய பெயர் ஆலோசனைக்கு வந்தபோதெல்லாம் தந்தை அறையை விட்டு எழுந்து சென்றார் என்று பத்திரிகைகள் எழுதின. ஆயினும் 2014ல் ஸ்டூவர்ட் இந்திய அணியில் ஆடத் தொடங்கியதும் முணுமுணுப்பு எழாமலில்லை. அவ்வருஷம் ஜூன் மாதம் வங்கதேசத்தில் அவர் 4 ரன் மட்டுமே கொடுத்து 6 விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

மகன் திறமைசாலி என்பது வேறு. தேர்வு நியாயமாக நடந்ததென்று ஜனங்கள் நம்புவது வேறு. அறையை விட்டு வெளியேறுவது தனி மனிதரின் நேர்மை. ஆனால் எல்லா அறைகளிலும் அத்தகைய மனிதரே இருப்பார் என்று என்ன நிச்சயம்? தனி மனிதரின் குணத்தை மட்டும் நம்பி ஒரு ஸ்தாபனத்தை நடத்த இயலாது. அதற்குச் சட்டதிட்டம் வேண்டும். லோதா கமிட்டியின் சிபாரிசுகளில் பெரும்பாலானவற்றை 2016ல் சுப்ரீம் கோர்ட் அங்கீகரித்தது. எழுபது வயது கடந்தவர் போர்டில் பதவி வகிக்கலாகாது என்பதும் அவற்றில் ஒன்று.

பின்னி 2019ல் கர்நாடகக் கிரிக்கெட் சங்கத்துக்கும், 2022 அக்டோபரில் இந்தியப் போர்டுக்கும் தலைவரானார். 2025 ஜூலையில் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அவ்வருஷமே பதவியும் அவரை விட்டு நீங்கியது. உலகக் கோப்பை வென்ற வீரர் என்பதற்காக விதி வளைந்து கொடுக்கவில்லை.

விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓடவும் எறியவும் மட்டும் கற்றால் போதாது. கணக்கும் சட்டமும் சபையில் நடந்துகொள்ளும் முறையும் கற்றவருக்கே, கால் ஓய்ந்த பிறகும் விளையாட்டில் இடம் உண்டு. அதோடு, எழுந்து வெளியேற வேண்டிய நேரம் எதுவென்றும் அவர் அறிந்திருக்க வேண்டும்.