மயிலுக்குப் போர்வை, உழவருக்கு?

குன்றத்தூர்! குன்றின் மேலே முருகன் கோயில். கோயிலிலே முருகனைச் சுமக்கும் மயில். கற்பூரம் அதற்கும் காட்டப்படுகிறது. கன்னத்தில் போட்டுக்கொள்வோர் அதற்கும் போட்டுக்கொள்கின்றனர். அதிலே நமக்கு வழக்கில்லை. வழக்கு, குன்றின் கீழே இருக்கிறது. கல் மயில் கீரை தின்பதில்லை. உயிர் மயில் தின்கிறது!

ஊருக்கு ஒதுக்குப்புறமாக 40 சென்ட் நிலம். குத்தகைக்கு எடுத்து முளைக்கீரையும் சிறுகீரையும் வெண்டையும் பயிரிடுகிறார் ஒரு பெரியவர். விதை தூவிய பாத்தியைக் காட்டினார். மண்ணெல்லாம் கீறல், முளைத்ததெல்லாம் மொட்டை.

"யார் வேலை, அய்யா?" என்றேன்.

"விருந்தாளிங்க வேலை தம்பி. விடியறதுக்கு முன்ன நாலு வரும், சாயங்காலம் ஆறு வரும். வெரட்டினா வேலி மேல ஏறிக்குது. நாம முதுகக் காட்டினா பாத்தியில எறங்குது."

பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். தகரம் தட்டிப் பார்த்தார். பொம்மை நட்டார். பொம்மையின் தோளிலேயே ஒருநாள் மயில் ஏறி நின்றதாம்! நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. மூன்று வாரத்தில் கட்டுக்கட்டாகச் சந்தைக்குப் போகவேண்டிய கீரை. விதைக்காசு போயிற்று; கூலி போயிற்று; மீண்டும் விதைத்தால் அறுவடையும் மூன்று வாரம் தள்ளிப் போயிற்று. குத்தகைத் தவணை மட்டும் தள்ளிப் போகாது!

தோழரே, பயிருக்கும் பறவைக்கும் நடக்கும் இந்தப் போர் புதிதல்ல. சங்ககாலக் குறிஞ்சி நிலத்திலே தினைப்புனம் உண்டு. புனத்திலே பரண் உண்டு. பரணிலே கவண் ஏந்திக் கிளி கடியும் கன்னியர் உண்டு. அதே சங்ககாலத்திலேதான், குளிரில் நடுங்குகிறதே என்று மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனும் உண்டு. பயிர் காக்கும் உரிமையும் உயிர் காக்கும் அருளும் ஒருங்கே இருந்தன.

இன்று? 1963இல் மயில் தேசியப் பறவை ஆயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில் ஏற்றியது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கொல்லச் சொல்லவில்லை நாம். விஷம் கலந்த தானியம் தின்று மயில்கள் மடிந்த செய்திகளைத் தமிழகம் படித்திருக்கிறது; அது அறமன்று, குற்றம். பூச்சியையும் பாம்புக்குட்டியையும் தின்று உழவருக்கு உதவுவதும் அந்த மயில்தான்.

விருந்தாளி என்கிறோமே, வந்தேறி யார்? புதர்க்காடு மயிலின் வீடு. அந்தப் புதரை வெட்டி மனை போட்டோம். மேய்ச்சல் நிலத்தில் மாடி எழுப்பினோம். வண்டலூர் முதல் மீஞ்சூர் வரை வெளிவட்டச் சாலை போட்டோம். எஞ்சிய பச்சை, கீரைப் பாத்திதான்! 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையிலே, பெருங்களத்தூர்ப் பக்கம் முதலை ஒன்று சாலையைக் கடந்தபோது நகரமே திகைத்தது. சென்னையின் நீர்நிலைகள் பலவற்றில் முதலைகள் வாழ்கின்றன என்று அரசு அதிகாரி சொன்ன பிறகுதான் புரிந்தது: குடியிருந்தவை அவை, குடிவந்தவர் நாம்.

ஆக, மயில் வாழட்டும். ஆனால் அதன் சாப்பாட்டுச் செலவு யார் கணக்கில்? இதுதான் கேள்வி. பேகன் தந்தது தன் போர்வை. இன்றைய சட்டமோ கீரைக்காரரின் போர்வையை உருவி மயிலுக்குப் போர்த்துகிறது. வள்ளல் பட்டத்தைத் தில்லி சூட்டிக்கொள்கிறது!

தில்லிக்கு இந்த அதிகாரம் எப்படி வலுத்தது? காடும் வனவிலங்கும் மாநிலப் பட்டியலில் இருந்தவை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், 42ஆவது திருத்தம் கல்வியோடு சேர்த்து அவற்றையும் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோயிற்று. அட்டவணை தில்லியிலே, பாத்தி குன்றத்தூரிலே! மாநில சுயாட்சி என்றால் கோட்டையைப் பற்றிய பேச்சு என்று எண்ணுவோரே, அது கீரைக்கட்டைப் பற்றிய பேச்சும்தான்.

எனினும் எல்லாவற்றுக்கும் தில்லியைக் காட்டிவிட்டுக் கைகட்டி நிற்கலாமா? கூடாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரழிக்கும் காட்டுப்பன்றியை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. பன்றிக்கு வழி கண்டவர்கள் மயிலுக்கும் காணலாம். துப்பாக்கி வேண்டாம், வலை போதும். சிறு காய்கறித் தோட்டங்களுக்கு வலைவேலி மானியத்தில் கிடைக்கட்டும். அழிந்த பாத்தியை வாரத்துக்குள் பார்வையிட்டு இழப்பீடு தரட்டும். பட்டா வைத்திருப்பவருக்கல்ல, பயிர் வைத்தவருக்கு! குத்தகைதாரர் கையில் பட்டா இருக்காது. வெடித்த உள்ளங்கைதான் இருக்கும். ஏரிக்கரைப் புதர்களில் மிஞ்சியதையாவது மனையாக்காமல் விடட்டும். மயிலுக்கு அதுவே மானியம்.

சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர். அவருடைய பெரியபுராணத்தோடு நமக்குக் கருத்து மாறுபாடு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அதிலே மனுநீதிச் சோழன் வருகிறான். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் எழுந்து வந்தான்.

பசுவுக்கு மணி இருந்தது. மயிலுக்குச் சட்டம் இருக்கிறது. அந்தக் கீரைக்காரப் பெரியவரிடம் இருப்பதோ, பறவை விரட்டத் தட்டும் ஒரு தகரம். அந்த ஓசையைக் கேட்க எந்த அரண்மனையின் சன்னல் திறந்திருக்கிறது?