வீட்டைக் கீறச் சொல்லிக் கேட்பது

1990 ஒக்டோபர் 30ஆம் திகதியைப் பற்றி எங்கட பெரியவர்களிடம் கேட்டால் ஏறக்குறைய எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ஒலிபெருக்கி அறிவித்தல், ஜின்னா மைதானம், இரண்டு மணித்தியால அவகாசம், பறிகொடுத்த நகைகள், புத்தளம். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் முப்பது வருடங்களுக்கு மேலாக நிறுவனங்களுக்கும் பத்திரிகைக்காரருக்கும் சொல்லிச் சொல்லி அது வாக்குமூலமாக இறுகிவிட்டது.

இந்த இறுக்கத்தைத் தளர்த்தும் வழியொன்றை யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் காட்டியிருக்கிறார். முற்றுப்பெறாத தோம்பு என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு அவருடைய நூல் 2011இல் வந்தது. தோம்பு எண்டால் ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. போரில் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேரிடம், விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து கீறித் தரச் சொன்னார். நூலில் ஒவ்வொரு வீடும் மூன்று தரம் வருகிறது: அவரவர் கையால் கீறியது, அதைக் கட்டடக் கலை முறைப்படி வரைந்தது, கதையைக் கேட்டபின் சனாதனன் தீட்டிய ஓவியம். கூடவே சொன்னவரின் நினைவுகளும்.

புத்தளத்தில் இருக்கும் என் மாமி ஒருவரிடம் இதைச் செய்து பார்த்தேன். "எனக்குக் கீறத் தெரியாதே மகன்" எண்டுதான் தொடங்கினார். முதலில் வந்தது கிணற்றடி. வீட்டை விடப் பெரிய கிணறு! பிறகு மதிலைக் கீறும்போது ஓரிடத்தில் இடைவெளி விட்டார். "இதாலதான் நோன்புக் கஞ்சி குடுக்கிறது." மதிலுக்கு அங்கால் இருந்தது ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணைப் பற்றி மாமி அதுவரை எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. "என்ன நடந்தது?" எண்டு கேட்டால் அந்த ஒரு நாள்தான் வருகிறது. "அடுப்படி எந்தப் பக்கம்?" எண்டு கேட்டால் அதற்கு முந்திய வருடங்கள் எல்லாம் வருகின்றன.

கீறும்போது நாம் வாய் திறக்காமல் இருப்பது நல்லது. அளவு பிழை எண்டு திருத்தப் போகக்கூடாது. அந்தப் பெரிய கிணறுதான் சாட்சி. ஓவியர் தன் கற்பனையைச் சேர்க்கலாம்தான், ஆனால் மூலத்தைப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். சனாதனனின் நூலில் எனக்குப் பிடித்தது அதுதான்: எது அவர்களுடையது, எது ஓவியருடையது என்று வாசகரே பார்த்துக்கொள்ளலாம். கேட்டு வாங்கிய நினைவு அமானிதம் அல்லவா.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உறுதி தொலைந்து, காணிக்கு அலைந்து களைத்தவர்கள் நம்மில் பலர். பேப்பரோடு ஒருவர் வந்தால் காணிக் கந்தோரிலிருந்து வந்திருக்கிறார் எண்டு நினைப்பார்கள். இந்தப் படத்தால் காணி கிடைக்காது. அதைச் சொன்ன பிறகும் கீற விரும்பினால்தான் பென்சிலைக் கொடுக்க வேண்டும்.

அன்று முப்பது வயதில் வெளியேறியவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும், பேரப்பிள்ளைகளே செய்யலாம். கீறிய தாள் அந்த வீட்டிலேயே இருக்கட்டும், நமக்குப் பிரதி போதும்.