சோக மியூசிக் வேண்டாம்... இது எங்கள் மேடை!

டி.வி ரியாலிட்டி ஷோவில் மாற்றுத்திறனாளி ஒருவர் மேடையேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன நடக்கும் என்று நம் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லிவிடும். பின்னணியில் வயலின் அழும். ஜட்ஜ் கண்ணைத் துடைப்பார். கேமரா அம்மாவின் முகத்துக்குப் போகும். அவர் ஆடியது நல்ல ஆட்டமா, சுமாரா? அதை மட்டும் யாரும் பேச மாட்டார்கள்.

இந்தப் பரிதாபத்துக்கு இடமே கொடுக்காத ஒரு மேடை, அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் உருவானது. பெயர், 'சின்ஸ் இன்வாலிட்'. தொடங்கியவர்கள் இருவர். ஒருவர், ஜப்பானிய - ஹெய்ட்டி வம்சாவளியைச் சேர்ந்த பாட்டி பெர்ன் (பாட்டி என்பது பெயர்தாங்க!). வீல்சேரில் இயங்கியவர். இன்னொருவர், செரிப்ரல் பால்சி பாதிப்புள்ள கறுப்பினக் கலைஞர் லெராய் மூர்.

பெயரிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் 'இன்வாலிட்' என்றால் செல்லாதது. அதே எழுத்துகளைக் கொஞ்சம் மாற்றி உச்சரித்தால், நோயில் முடங்கியவர். 'போன ஜென்மத்துப் பாவம்' என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்தப் பாவக் கணக்கு இங்கே செல்லாது என்று சொல்வதுபோல எனக்குப் படுகிறது.

மேடையில் இவர்கள் எடுத்துக்கொண்ட விஷயம்தான் பலரை நெளிய வைக்கும். அழகு, காதல், உடல், ஆசை. 'இவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?' என்று ஊர் கேட்கும் அத்தனையும் அங்கே கவிதையாக, நடனமாக, பாட்டாக வரும். 2013-ல் இதுபற்றி ஓர் ஆவணப்படமும் வந்தது.

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைச் சட்டம் 1990-லேயே வந்துவிட்டது. ஆனால், சாய்தளம் கட்டினால் போதுமா? கறுப்பினத்தவராகவும் ஏழையாகவும் இருக்கும் மாற்றுத்திறனாளி, அந்த வாசல் வரை எப்படி வந்து சேர்வார்? 2005 வாக்கில் பெர்ன், மூர் உள்ளிட்டோர் இப்படிக் கேட்கத் தொடங்கினார்கள். 'உரிமை' போதாது, 'நீதி' வேண்டும் என்றார்கள். போலீஸ் வன்முறைக்கு ஆளாகும் மாற்றுத்திறனாளிகள் குறித்து மூர் தொடர்ந்து பேசிவருகிறார். யோசித்துப் பாருங்கள்... 'கையைத் தூக்கு' என்று போலீஸ் பின்னாலிருந்து கத்தினால், காது கேளாதவர் என்ன செய்வார்? ஹிப்-ஹாப் பாடும் மாற்றுத்திறனாளிகளை 'கிரிப்-ஹாப் நேஷன்' என்ற பெயரில் ஒன்றுசேர்த்ததும் அவர்தான். 'நொண்டி' என்பதற்கு இணையான ஆங்கில வசைச் சொல்லையே பெயரில் சூட்டிக்கொண்டார்!

அரங்கத்திலும் அதே அக்கறைதான். சைகை மொழிபெயர்ப்பு, வீல்சேருக்கான இடம் எல்லாம் உண்டு. பார்வையாளர்களிடம் ஒரு வேண்டுகோளும் வைப்பார்கள்: சென்ட் போட்டுக்கொண்டு வராதீர்கள். வாசனையாலேயே மூச்சுத் திணறுபவர்களும் நாடகம் பார்க்க வர வேண்டும் அல்லவா?

2020-ல் பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி போட்டார்கள். காட்டுத்தீ பரவும்போது வீல்சேரில் இருப்பவரை யார் தூக்கிக்கொண்டு ஓடுவது? கரன்ட் போனால் சுவாசக் கருவியில் இருப்பவரின் கதி? நிகழ்ச்சியின் பெயரில் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட உவமை, கொட்டலசு. அலை எவ்வளவு அடித்தாலும் பாறையிலும் படகடியிலும் கூட்டமாக ஒட்டிக்கிடக்குமே, அந்தச் சின்ன உயிர்.

அது கொரோனா காலம். அதனால், அந்த நிகழ்ச்சியை ரசிகர்கள் வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் பார்த்தார்கள்.