அறுவைச் சிகிச்சைக்குப் பின் சிறுநீர்த் தேக்கம்: தடுக்கும் வழிகள்

நம் நாட்டுப் பெண்களுக்குச் செய்யப்படும் பெரிய அறுவைச் சிகிச்சைகளுள் கருப்பை அகற்றுதல் முக்கியமான ஒன்றாகும். 2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு மூவருக்குச் சற்று மேற்பட்டோர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். இச்சிகிச்சைக்கும், கருப்பை இறக்கத்தைச் சரி செய்யும் சிகிச்சைக்கும் பின்னர், புண் நன்கு ஆறி வரும் நிலையிலும் சிலரால் சிறுநீர் கழிக்க இயலுவதில்லை. இதுவே சிறுநீர்த் தேக்கம் எனப்படுகிறது.

இதற்குக் காரணங்கள் பல. முதுகுத் தண்டில் செலுத்தப்படும் மயக்க மருந்தும், மார்பின் போன்ற வலி நீக்கிகளும் சிறுநீர்ப்பையின் உணர்வை மழுங்கச் செய்கின்றன. வலி, வீக்கம், மலச்சிக்கல், இரத்தக் கசிவை நிறுத்தப் பிறப்புறுப்பினுள் வைக்கப்படும் துணி ஆகியனவும் தடையாகின்றன. புற்றுநோய்க்காகக் கருப்பையைச் சுற்றியுள்ள திசுக்களையும் விரிவாக அகற்றும்போது நரம்புகளே பாதிக்கப்படக்கூடும்.

சிறுநீர்ப்பை சாதாரணமாக 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். அதற்கு மேல் பல மணி நேரம் விரிந்த நிலையில் இருந்தால் அதன் தசை நலிவடைந்து, சில வேளைகளில் நிரந்தரமாகவே சுருங்கும் ஆற்றலை இழந்துவிடும். உணர்வு மழுங்கியிருப்பதால் நோயாளிக்கு இது தெரியாமலே போகலாம். நிரம்பி வழியும் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வெளியேறுவதைக் கண்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று தவறாகக் கருதுவதும் உண்டு. ஆகவே, 'சிறுநீர் போயிற்றா?' என்று கேட்பது மட்டும் போதாது. எவ்வளவு போயிற்று, எவ்வளவு எஞ்சியுள்ளது என்று அளந்தறிய வேண்டும்.

தடுப்புப் பணி சிகிச்சைக்கு முன்பே தொடங்குகிறது. சிறுநீர் கழிப்பதில் ஏற்கெனவே சிரமம் உண்டா என விசாரித்தறிந்து, மலச்சிக்கலையும் நோய்த் தொற்றையும் நீக்க வேண்டும். சிக்கலற்ற சிகிச்சையாயின், சிறுநீர்க் குழாயை வழக்கமாக ஒரு நாளுக்குள் அகற்றிவிடலாம். குழாய் நீடிக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று அபாயம் பெருகுகிறது. அகற்றுமுன் அதன் வழியே சுமார் 300 மில்லிலிட்டர் தூய உப்புநீரைச் செலுத்தி, பின்னர் நோயாளியைச் சிறுநீர் கழிக்கச் செய்வது ஒரு நல்ல சோதனை. 200 மில்லிலிட்டர் அளவுக்கு வெளியேறினால் அச்சமில்லை. குறைவாயின், சிறுநீர்ப்பை மீண்டும் நிரம்பி விரியுமுன் குழாய் செலுத்தி வடித்துவிட வேண்டும்.

தேக்கம் நீடித்தால், குறித்த நேரங்களில் தாமே குழாய் செலுத்தி வடித்துக்கொள்ளும் முறை உள்ளது. கழுவிய கைகளும் தூய்மையான குழாயுமே இதற்குப் போதும் என்பதை அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடஸ் 1972இல் எடுத்துரைத்தார். பெண்கள் இதனை எளிதில் கற்று, வீட்டிலேயே பின்பற்றலாம்.

நெரிசல் மிக்க பொதுப் பிரிவில், பலர் பார்க்கப் படுக்கையிலேயே கழிக்கச் சொன்னால் கூச்சமே தடையாகிவிடும். ஒரு திரைச்சீலை, கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்ல ஒருவர், ஓர் அளவுக் குவளை, ஒரு குறிப்பேடு ஆகியவை எந்த மாவட்ட மருத்துவமனைக்கும் எட்டாதவை அல்ல. வீடு திரும்பும் பெண்ணிடம், ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் கழியாவிட்டாலோ, அடிவயிறு பருத்தாலோ, சிறுநீர் சொட்டிக்கொண்டேயிருந்தாலோ உடனே வரவேண்டும் என்று தெளிவாகச் சொல்லியனுப்புவதும் சிகிச்சையின் ஒரு பகுதியேயாகும்.